நல்லதம்பி அண்ணனின் முழங்கால்

போன கிழமை என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, நடுவில் கதிரை போட்டு இருத்தி, "உங்கட அனுபவத்தச் சொல்லுங்கக்கா" என்று சுற்றி நின்றீர்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல் வராது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அது மாறவில்லை. கைமூட்டுகளில் வலி வந்து வேலையை விட்ட பிறகு பேசுவதற்கு ஆட்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் எழுதித் தருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

செயற்கைக் கால் செய்யும் விதத்தை இதில் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்குப் படிப்பித்தவர்கள் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். நான் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். சண்டைக் காலத்தில் கால் இழந்த பெண்களுக்கு அளவெடுக்கப் பெண்பிள்ளை வேண்டும் என்று தேடினார்கள். குருக்கள்மடத்திலிருந்து நான் போனேன். மாலையில் பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. ஆகவே பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையிலேயே தங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் என்னையும் சுவரில் தொங்கும் கால்களையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். தூசு தட்டுகிறேன் என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். ஒரு பாதம், ஒரு முழங்கால், மிஞ்சிய தொடை போய்ப் பொருந்தும் சொக்கெற் உறை. எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டியிருந்தாலும் ஆள் வந்து போட்டுக்கொண்டு எழும்பி நிற்கும் வரைக்கும் அதைக் கால் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் தொடைக்கு மேலே காலை இழந்தவர்களை 'மேல்கால்' என்கிறீர்கள். "இண்டைக்கு ரெண்டு மேல்கால், ஒரு கை வந்திரிக்கி" என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டேன். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். வேலை நேரத்தில் அது சுலபம். ஆனால் எங்கள் காலத்து மேல்கால்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். வாசித்த பிறகும் அப்படிச் சொல்ல வந்தால் சொல்லுங்கள்.

ஒருவர் நல்லதம்பி அண்ணன். கல்லடியில் இருந்தவர். வாவியில் தோணி விட்டு வலை வைப்பது அவருடைய தொழில். கரையில் மிதிவெடியில் காலைக் கொடுத்தவர். மற்றவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பித்த விரிவுரையாளர். வடக்கிலிருந்து வந்து, கல்லடியிலேயே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தவர். பஸ்ஸில் போகும்போது காலை இழந்தார். நாங்கள் அவரைச் சேர் என்போம். இருவருக்கும் ஒரே வகை முழங்கால் பூட்டியிருந்தோம். சொக்கெற்றைத் திருத்தவும் வார் மாற்றவும் ஒரே நாளில்தான் வருவார்கள். வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சண்டை பிடிப்பார்கள்.

சண்டை தொடங்கியது கல்லடிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நடந்த ஒரு சம்பவத்தால்.

"பேக்கெல்லாம் மேசையில வை, ஆள் மட்டும் இஞ்சால வா எண்டான் ஆமிக்காரன்," என்று நல்லதம்பி அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பேக்க வச்சிட்டுப் போனன். காலையும் கழட்டி வை எண்டான். மாத்தயா, கால் பேக்கோட சேத்தியா, ஆளோட சேத்தியா எண்டு கேட்டன்."

"என்ன சொன்னான்?" என்றார் சேர்.

"அவனுக்கும் தெரியல்ல. பெரியவனக் கூப்பிட்டான். பெரியவன் வந்து கொஞ்ச நேரம் யோசிச்சான். யோசிச்சிட்டு என்னையும் தூக்கி மேசையில இருத்திட்டான்."

பட்டறையே சிரித்தது. சேர் சிரித்து முடித்துவிட்டு, "அண்ணன், நியாயமாகப் பார்த்தால் அது பேக்கோடைதான் சேரும். கால் உங்களுடைய பொருள். குடை மாதிரி," என்றார்.

"குடைய மறந்து வச்சிட்டு வரலாம் சேர். கால மறந்து வச்சிட்டு வந்து காட்டுங்க பாப்பம்."

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. இந்த வழக்கு மிகப் பழையது என்று சேர் எங்களுக்குச் சொன்னார். பகுதிகளைத் தவிர முழுமை என்று தனியாக ஒன்றும் இல்லை, அது நாம் வைத்த பேர் மட்டும்தான் என்று சிலர் சொல்வார்களாம். பகுதிகள் சேர்ந்த பிறகு, அவற்றில் எதிலும் இல்லாத ஒன்று வந்து சேர்கிறது என்று வேறு சிலர் சொல்வார்களாம். சேர் எந்தப் பக்கம் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அண்ணன் எதைச் சொன்னாலும் அவர் மற்றப் பக்கம் நின்றார்.

ஒருமுறை வலையைப் பற்றி வந்தது. வருடா வருடம் பொத்தல் கட்டிக் கட்டி, பழைய நூல் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும் அது அதே வலையா என்று சேர் கேட்டார்.

"நூல் மாறினாலும் வலையின்ட கண் மாறல்லயே. கண் மாறினாத்தான் மீன் மாறும். மீன் மாறினா வேற வலை."

"அப்ப நூலை வீட்டிலை வைச்சிட்டு, கண்ணை மட்டும் தோணியிலை ஏத்திக்கொண்டு போய் மீன் பிடியுங்கோ பாப்பம்."

அண்ணன் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த தடவை வரும்வரை யோசித்திருக்க வேண்டும். வந்ததும் வராததுமாக, "கண் இல்லாத நூலக் கொண்டுபோனா நீங்க தூக்குப் போடலாம், மீன் பிடிக்கேலா" என்றார். சேருக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

அண்ணனின் காலில் ஒரு சத்தம் இருந்தது. அடி எடுத்து வைக்கும்போது முழங்காலடியில் 'டக்' என்று கேட்கும். திருத்தித் தருகிறேன், கழற்றுங்கள் என்று நான் கேட்டேன்.

"வேணாம் புள்ள. வீட்டு ஒழுங்கைக்குள்ள இந்தச் சத்தம் கேட்டாத்தான் உங்கட பூமணி அக்கா சோத்தப் போடுவா. சத்தம் போனா எனக்குச் சுடுசோறு இல்ல."

பூமணி அக்கா அவருடைய மனைவி. சேர் விடவில்லை. "அந்தச் சத்தம் எங்கை இருக்கு அண்ணன்?"

"முழங்காலுக்குள்ளதான்."

"முழங்காலைக் கழட்டி மேசையிலை வைச்சால் சத்தம் போடுமோ?"

"நடந்தாத்தானே போடும்."

"அப்ப அது நடையிலை இருக்கு, முழங்காலிலை இல்லை."

"நடை எங்க இரிக்கி? அதுவும் முழங்காலுக்குள்ளதான்!"

உள்ளேயிருந்து பட்டறைப் பெரியவர், "ரெண்டு பேரையும் வெளியில விட்டுக் கேற்றப் பூட்டுங்க" என்று சத்தம் போட்டார். அந்த வழக்கு முடியாமலே நின்றது.

பிறகு பாதையும் பல்கலைக்கழகமும் மூடப்பட்டன. கொழும்பிலிருந்து சாமான் வருவது நின்றது. சொக்கெற்றை இங்கேயே செய்வோம், பாதத்தை எப்படியாவது ஒட்டிச் சமாளிப்போம். முழங்காலை மட்டும் எங்களால் செய்ய முடியாது. அலுமாரியில் ஒன்றுகூட இல்லாத நேரம் பார்த்துச் சேரின் முழங்கால் பிளந்தது. ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினோம். பிறகு அவர் வரவில்லை.

நல்லதம்பி அண்ணன்தான் செய்தி கொண்டுவந்தார். வாங்கில் தனியாக இருந்தார். பக்கத்து இடத்தில் தொப்பியை வைத்திருந்தார்.

"மாடியால இறங்குறாரில்ல புள்ள. ஆள் மெலிஞ்சி போயிற்று. கெம்பஸ் திறக்கப் போகுதாம், பொடியன்மார் வந்து கூப்பிட்டிருக்காங்க. நான் இனிப் படிப்பிக்க வரல்ல எண்டு திருப்பி அனுப்பிட்டார். குடைய எங்க சேர் மறந்து வச்சீங்க எண்டு கேட்டுப் பாத்தன். சிரிக்கல்ல."

கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "முழங்கால் வந்தா முதல் அவருக்குப் போடு, என்ன?" என்றார்.

கால் குடை மாதிரி என்று சொன்னவர், அது இல்லாமல் வெளியே வர முடியாமல் கிடந்தார். அவர் சொன்னது பிழை என்று காட்ட இதை எழுதவில்லை. வாங்கில் இருந்து பேசும்போது எல்லோரும் பேசலாம். படியால் இறங்குவது வேறு.

அதற்குப் பிறகு ஒரு காலையில், வாவியில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நல்லதம்பி அண்ணனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. பக்கத்துத் தோணிக்காரர்கள் அவருடைய தோணியைக் கட்டி இழுத்துவந்தார்கள். உப்புத்தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றித் தோணியின் தலைப்பில் வைத்திருந்த கால் அப்படியே இருந்ததாம்.

செத்த வீட்டுக்குப் போக நான் சேலை மாற்றிக்கொண்டு நிற்கும்போது பெரியவர் வந்தார். அந்த நாட்களில் ஒருவர் இறந்தால் காலைத் திரும்ப எடுப்பது பட்டறையின் வழக்கம். ஒரு கிழமை கழித்துப் போய்க் கேட்போம். எங்கள் ஆட்கள் சடங்கு முடியுமட்டும் பொறுப்பார்கள், வீட்டாரும் பெரும்பாலும் தருவார்கள். ஆனால் அண்ணனை அடக்கம் செய்யப்போகிறார்கள். காலைப் போட்டுத்தான் கிடத்தியிருக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஒரு கிழமை பொறுத்தால் அது மண்ணுக்குள் போய்விடும்.

"கேட்டுப் பார்," என்றார் பெரியவர். "தரமாட்டம் எண்டா பேசாம வா. கேக்காம மட்டும் எடுத்திராத."

நான் ஏன் என்று கேட்கவில்லை. நீங்கள் போங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பையில் திருகு கழற்றும் இரண்டு சாவிகளையும், முழங்கால் இருந்த இடத்தில் பொருத்த ஒரு மரக்கட்டையையும் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். வழி முழுக்க, சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

முற்றத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மாலையில் நடமாட்டத் தடை என்பதால் பிரேதம் வெளிக்கிடும் நேரம் நெருங்கிவிட்டது. ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். சொல்லிப் பார்த்த எதுவும் வாயில் இல்லை.

அப்போது பூமணி அக்காவின் தங்கை என்னைக் கண்டார். "இந்தா, நல்ல நேரம். கால் சரிஞ்சி கிடக்கு, எங்களுக்குக் கட்டத் தெரியல்ல. உள்ளுக்கு வா புள்ள" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். "நீ கட்டு, நான் பூ எடுத்துக்கொண்டு வாறன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அறையில் நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு அறை வாய்க்கலாம். சாவி பையில் இருந்தது. முழங்காலைக் கழற்றி மரக்கட்டையை வைத்துப் பூட்டி வேட்டியால் மூடினால் யாருக்கும் தெரியாது. வெளியே போய் எல்லோர் முன்னாலும் பேசவேண்டிய கஷ்டமும் எனக்கு இல்லை. முதலில் அவருக்குப் போடு என்று அண்ணன் சொன்னதுதானே என்றுகூட மனம் சொன்னது. ஆனால் அவர் சொன்னது வரப்போகிற முழங்காலை. தன்னுடையதை அல்ல. அதைச் சம்மதமாகத் திரிக்க எனக்கு இஷ்டமில்லை. சேர் மறுபடி படியால் இறங்கவேண்டும் என்பது உண்மை. களவாக எடுத்த முழங்காலில் இறங்கினால், யாருடையது என்று அவர் கேட்கும்போது நான் என்ன சொல்வேன்?

வாரை ஒழுங்காகக் கட்டினேன். பாதத்தை நேராக்கினேன். பிறகு கதவைத் திறந்து, பூமணி அக்கா இருந்த இடத்துக்குப் போய், அவர் காலடியில் குந்தினேன். எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது.

"அக்கா, அண்ணன்ட முழங்கால் சேருக்கு வேணும்" என்றேன். சொல்லிப் பார்த்ததில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அண்ணனின் தமையன் பாய்ந்துவந்தார். "என்ன கதை இது? கால் போனதிலயிருந்து அவன் அரை ஆளாத்தான் இருந்தான். போற நேரமாவது முழுசாப் போகட்டும்!"

பூமணி அக்கா அதுவரை அழுதுகொண்டிருந்தவர். அழுகை நின்றது. "அரை ஆளா? அரை ஆளோடயா நான் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினன்?" என்றார். "கால் போன அண்டைக்கும் அவர் முழு ஆள்தான். இண்டைக்கும் முழு ஆள்தான். உங்களுக்குத்தான் கணக்குத் தெரியல்ல அத்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். "அந்த வாய்க்காரச் சேருக்கா?"

"ஓம் அக்கா."

"அவரோட சண்டை பிடிச்சிட்டு வாற அண்டைக்கு இவர் ரெண்டு கோப்பை சோறு தின்னுவார்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "முழங்கால மட்டும் எடு. தொடை இருந்த சாமானையும் பாதத்தையும் அவரோட விடு. இன்னொண்டு. அந்தச் சத்தத்த எடுத்துப்போட்டுத்தான் குடுக்கவேணும். இந்த ஒழுங்கையால அந்தச் சத்தத்தோட வேற ஆள் போகப்படாது. என்னால கேட்டுக்கொண்டு இருக்கேலா."

எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்கா பக்கத்தில் நிற்க, அவர் கண்ணுக்கு முன்னாலேயே முழங்காலைக் கழற்றினேன். மரக்கட்டையை வைத்துச் சொக்கெற்றையும் பாதத்தையும் பொருத்திக் கொடுத்தேன். அதை அக்காவே வேட்டியால் மூடினார். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் வாசல் படலையடியில் நின்றுவிட்டோம்.

அடுத்தடுத்த நாட்களில் முழங்காலை மேசையில் வைத்து, கையால் மடித்து மடித்துப் பார்த்தேன். சத்தத்தை எடுக்கவேண்டுமென்றால் முதலில் அது கேட்கவேண்டும். கேட்கவில்லை. பாரம் வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. சேரின் காலில் பூட்டினால் வரும், வந்ததும் திருத்தலாம் என்று விட்டுவிட்டேன்.

பெரியவரும் நானும் சேரின் மாடிக்குப் போனோம். யாருடையது என்று பெரியவர் சொன்னதும் சேர் கட்டிலில் இருந்தபடியே அதைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. பூட்டினோம். எழும்பி நின்றார். விறாந்தையில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தத்துக்காகக் காது கொடுத்தபடி நின்றேன். சேரும் தலையைச் சாய்த்து அதையேதான் கேட்கிறார் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்கு விளங்கியது. மெதுவாக நடந்தார், வேகமாக நடந்தார், பாரத்தை முழுக்க அந்தக் காலில் போட்டு நடந்தார்.

ஒன்றும் இல்லை.

"நீங்கள் திருத்திப்போட்டியளோ?" என்று கேட்டார்.

"இல்ல சேர். நான் ஒண்டும் செய்யல்ல."

விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தார். "அப்ப நான் வெண்டுட்டன்," என்றார். வழக்கில் வென்ற ஒருவரின் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகம் திறந்தபோது சேர் வந்தாறுமூலைக்குப் போனார். வார் மாற்றப் பட்டறைக்கும் வருவார். வாங்கில் இருக்கமாட்டார், நின்றுகொண்டே காத்திருப்பார்.

இதிலிருந்து நீங்கள் எதை எடுப்பதென்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்லலாம். ஒரு ஆளிடமிருந்து ஒரு துண்டைக் கழற்றினால் எதெது கூட வரும், எதெது வராது என்று முன்கூட்டியே யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லலாம். கொடுத்த வாக்கை நிறைவேற்ற எனக்கு வேலையே இருக்கவில்லை. அதையும் போய்ச் சொல்லத்தானே வேண்டும்.

அந்திரட்டிச் சடங்கு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லடிக்குப் போனேன். மத்தியானம். பூமணி அக்கா அடுப்படியில் தனியாக இருந்தார்.

"சேர் இந்த ஒழுங்கையால நடந்து போறார் அக்கா. நீங்க கண்டிருக்கமாட்டீங்க. சத்தம் இல்ல."

"கண்டன்," என்றார். "நல்லா எண்ணெய் போட்டிருக்காய்."

"நான் ஒண்டும் போடல்ல அக்கா. கழட்டின நேரத்திலயிருந்து அது கேக்கவே இல்ல."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அது எங்க போயிற்று?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"வரப்படாது எண்டு சொன்னது நான்தான் புள்ள," என்றார் கடைசியில். "ஆனா ஒருக்காவாவது வரும் எண்டு நினைச்சிட்டு இரிந்தன்."

பிறகு எழும்பி இரண்டு கோப்பை எடுத்தார். எனக்கும் சேர்த்துச் சோறு போட்டார். சாப்பிட்டோம். ஒழுங்கையால் யாராவது நடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அவருடைய கை சோற்றில் நின்றது.